சரக்குப் படகே இல்லாத படகுத்துறை! - சிங்கப்பூர் 'போட் கீ' தெருவின் கதை

சிங்கப்பூர் போய் வந்தவர்களின் ஆல்பத்தில் இந்தப் படம் கட்டாயம் இருக்கும். ஆற்றின் வளைவில் வரிசையாகச் சின்னச் சின்ன ஓட்டு வீடுகள், அவற்றின் முதுகுக்குப் பின்னால் வானத்தை முட்டும் வங்கிக் கட்டடங்கள். அந்த ஓட்டு வீடுகள் நிற்கும் தெருதான் 'போட் கீ'. தமிழில் சொன்னால் படகுத்துறை. ஆனால், இன்று அங்கே சரக்கு இறக்க ஒரு படகும் வருவதில்லை. ஏன்?

மலையை வெட்டி உருவான தெரு

1819-ல் ராஃபிள்ஸ் சிங்கப்பூரில் கால் வைத்தபோது, ஆற்றின் தென்கரை வெறும் சதுப்பு நிலம். 1822-ல் அருகில் இருந்த ஒரு குன்றை வெட்டி, அந்த மண்ணைக் கொட்டிச் சதுப்பை மேடாக்கினார்கள். குன்று இருந்த இடம் இன்றைய ராஃபிள்ஸ் பிளேஸ். மண் விழுந்த இடம் போட் கீ.

ஆறு இங்கே கெண்டை மீனின் வயிறுபோல வளைந்திருக்கும். அந்த வயிற்றுப் பகுதியில் கடை போட்டால் செல்வம் கொழிக்கும் என்பது சீன வணிகர்களின் நம்பிக்கை. கீழே கடையும் கிடங்கும், மேலே குடியிருப்புமாகக் 'கடைவீடுகள்' நெருக்கியடித்து எழுந்தன. 1860-களில் சிங்கப்பூரின் கப்பல் வணிகத்தில் நான்கில் மூன்று பங்கு இந்த ஒரு தெருவில் நடந்தது.

படகோட்டிய தமிழர்கள்

பெரிய கப்பல்களால் ஆற்றுக்குள் வர முடியாது. அவை கடலிலேயே நங்கூரம் போட்டு நிற்கும். சரக்கைக் கரை சேர்ப்பது படகுக்காரர்களின் வேலை. ஆரம்ப காலத்தில் இந்தத் தொழிலில் கொடிகட்டிப் பறந்தவர்கள் சோழமண்டலக் கரையிலிருந்து சென்ற தமிழ் முஸ்லிம்கள். 'சூலியா' என்று அங்கே அழைக்கப்பட்டவர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொழில் மெள்ள மெள்ளச் சீனர்கள் கைக்குப் போனது. போட் கீ அருகில் இருக்கும் 'சூலியா ஸ்ட்ரீட்' என்ற பெயர் மட்டும் இன்னும் அவர்களை நினைவூட்டுகிறது. பக்கத்து மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் கிட்டங்கி வைத்து வட்டித்தொழில் நடத்திய செட்டியார்களும் இந்த வணிகத்துக்குப் பணம் கொடுத்தவர்கள்தான்.

படகின் முன்புறத்தில் இரண்டு கண்கள் வரைந்திருப்பார்கள், படகுக்கு வழி தெரிய வேண்டுமாம்! கரையில் கூலித் தொழிலாளர்கள் அரிசி மூட்டையையும் ரப்பரையும் சுமந்துகொண்டு, ஓர் ஆள் மட்டுமே நடக்கக்கூடிய பலகையில் ஏறி இறங்குவார்கள். 1869-ல் கட்டப்பட்ட கேவனா பாலம் மிகத் தாழ்வானது. கடல் ஏற்றத்தின்போது படகு அடியில் நுழையாது. தண்ணீர் வற்றும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

ஆறு நாறியது

இத்தனை பிழைப்புக்கும் விலை கொடுத்தது ஆறு. படகு எண்ணெய், தெருவோரச் சாப்பாட்டுக் கடைகளின் கழிவு, மேல்பகுதியிலிருந்த பன்றி, வாத்துப் பண்ணைகளின் கழிவு என எல்லாம் அதில்தான் கலந்தன. 1970-களில் அது கறுத்த சாக்கடை.

1977-ல் பிரதமர் லீ குவான் யூ கெடு வைத்தார். பத்தே ஆண்டுகளில் ஆற்றில் மீன் பிடிக்கும் நிலை வர வேண்டும் என்றார். பண்ணைகள் மூடப்பட்டன. தெருக்கடைகள் உணவு மையங்களுக்கு மாற்றப்பட்டன. கரையோரக் குடும்பங்கள் அரசு அடுக்குமாடிகளுக்குப் போயின. 1983-ல் சுமார் 800 படகுகள் பாசிர் பாஞ்சாங்குக்கு அனுப்பப்பட்டன. 1987-ல் ஆறு சுத்தமானது. சொன்ன கெடு, சொன்னபடி!

ஆனால், படகுக்காரர்களுக்கு அது எளிதாக இல்லை. 1972-லேயே தஞ்சோங் பகாரில் கன்டெய்னர் முனையம் வந்து அவர்கள் தொழிலை அரிக்கத் தொடங்கியிருந்தது. ஆற்றை விட்டுப் போனது மிச்சமிருந்த வாழ்க்கையையும் புரட்டிப்போட்டது. வாடிக்கையாளர், கிடங்கு, டீக்கடை, சாமி கும்பிடும் இடம் என அவர்களுக்கு எல்லாமே அந்தக் கரையில்தான் இருந்தன.

கட்டடம் தப்பித்தது

படகுகள் போனதும் தெரு வெறிச்சோடியது. பழைய கடைவீடுகளை இடிக்காமல், 1989-ல் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அரசு அறிவித்தது. மூட்டை அடுக்கிய கிடங்குகள் இன்று உணவகங்களாகவும் மதுக்கூடங்களாகவும் மின்னுகின்றன. 2008-ல் கடல்வாயில் மெரினா தடுப்பணை வந்த பிறகு, ஒரு காலத்தில் மூக்கைப் பொத்தவைத்த இந்த ஆறு, குடிநீர் தரும் நீர்த்தேக்கத்தின் பகுதியாகிவிட்டது. கண் வரைந்த பழைய பாணிப் படகுகளில் இப்போது பயணம் செய்வது சுற்றுலாப் பயணிகள்.

கேவனா பாலத்தருகே ஒரு வெண்கலச் சிற்பம் இருக்கிறது. ஆடையில்லாத ஐந்து சிறுவர்கள், ஆற்றில் குதிக்கும் கணத்தில் உறைந்து நிற்கிறார்கள். ஆற்றங்கரையே வீடாக இருந்த தலைமுறையின் நினைவு அது.

அடுத்த முறை சிங்கப்பூர் போனால், அந்த வளைவில் நின்று செல்ஃபி எடுங்கள். அப்படியே சூலியா ஸ்ட்ரீட் பெயர்ப்பலகையையும் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். இந்தத் துறையில் முதலில் துடுப்புப் போட்டவர்களில் நம் ஊர்க்காரர்களும் உண்டு!