நாட்டு மருந்துதானே... மாத்திரையோடு சேர்த்துச் சாப்பிட்டால் என்ன ஆகும்?

காட்டுப்பள்ளி துறைமுகத்துக்கு கன்டெய்னர் ஏற்றிச் செல்லும் ஒரு டிரெய்லர் டிரைவரை நினைத்துக்கொள்ளுங்கள். நைட் ஷிஃப்ட்டில் திடீரென்று கை நடுங்குகிறது, வியர்த்துக் கொட்டுகிறது. தூக்கம் கெட்டதுதான் காரணம் என்று நினைப்பார். ஆனால், சர்க்கரை மாத்திரையோடு சிறுகுறிஞ்சான் பொடியும் சாப்பிடுபவர் என்றால், ரத்தத்தில் சர்க்கரை அளவுக்கு மீறிக் குறைந்திருக்கலாம். ஸ்டியரிங் பிடித்திருக்கும் நேரத்தில் அது உயிருக்கே ஆபத்து. உடனே வண்டியை ஓரம்கட்டி, சர்க்கரையோ குளுக்கோஸோ எடுத்துக்கொள்ள வேண்டும்.

2020-ல் கொரோனா சமயத்தில் சென்னை மாநகராட்சியே கபசுரக் குடிநீர் கொடுத்தது. நாட்டு மருந்து நமக்குப் பழகிய விஷயம். அதனாலேயே டாக்டரிடம் அதைச் சொல்லத் தோன்றுவதில்லை.

எப்படி மோதுகிறது?

சிறுகுறிஞ்சான் போல, மூலிகையும் மாத்திரையும் ஒரே வேலையைச் செய்தால் பலன் எல்லை மீறும். சில மூலிகைகள் மாத்திரைக்கு எதிராக வேலை செய்யும். இன்னும் சில, கல்லீரலைத் தூண்டி மருந்தைச் சீக்கிரமே வெளியேற்றிவிடும். செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை இப்படி ஒரு எச்.ஐ.வி. மருந்தின் அளவை ரத்தத்தில் குறைப்பதாக, அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 2000-லேயே எச்சரித்தது.

எதில் கவனம் தேவை?

* அதிமதுரம்: அதிகமாக, தொடர்ந்து எடுத்தால் பி.பி. ஏறும், பொட்டாசியம் குறையும்.
* பூண்டு கேப்சூல்: வார்ஃபரின், ஆஸ்பிரின் எடுப்பவர்களுக்கு ரத்தக்கசிவு அபாயம் கூடலாம். குழம்பில் போடும் பூண்டுக்குப் பயப்பட வேண்டாம்.
* அமுக்கரா (அஸ்வகந்தா): தைராய்டு அளவை மாற்றலாம், தூக்க மாத்திரையோடு சேர்ந்தால் மயக்கம் கூடலாம்.

'ஒரு மணி நேரம் கேப் விட்டா போதாதா?' இந்த மோதல்களுக்குப் போதாது. மருந்து உடம்பில் பல மணி நேரம் இருக்கும்.

என்ன செய்யணும்?

சாப்பிடும் எல்லா மாத்திரை, பொடி, லேகியத்தின் லேபிளையும் போனில் படம் எடுங்கள். பொட்டலத்தில் வாங்கினால், கடைக்காரரிடம் பெயர் கேட்டு எழுதி வையுங்கள். அலோபதி டாக்டர், சித்த மருத்துவர் இருவரிடமும் அதே பட்டியலைக் காட்டுங்கள். ஆபரேஷன் என்றால் தேதி குறிக்கும்போதே சொல்லிவிடுங்கள். டாக்டர் கொடுத்த மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

மருந்து எடுத்தபின் பக்கவிளைவு வந்தால், முதலில் டாக்டரைப் பாருங்கள். பிறகு, இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணிலும் புகார் பதிவு செய்யலாம்.