விபத்து நடந்தால் 2 மணி நேரத்துக்குள் ஏன் ஊதச் சொல்கிறார்கள்?

1991 ஆகஸ்டில் நியூயார்க் சுரங்க ரயில் தடம்புரண்டு 5 பேர் இறந்தார்கள், ஓட்டுநர் குடித்திருந்தார். அதே ஆண்டு அமெரிக்கா போக்குவரத்து ஊழியர்களுக்கான சோதனைச் சட்டத்தை இயற்றியது. இன்று அங்கே அரசுப் பேருந்தோ நகராட்சிக் குப்பை லாரியோ மோதி உயிர் போனால், ஓட்டுநருக்குச் சோதனை கட்டாயம்.

மதுச் சோதனையை 2 மணி நேரத்துக்குள் செய்ய வேண்டும். தாமதமானால் காரணத்தை எழுதிவைக்க வேண்டும். 8 மணி நேரம் தாண்டினால் கைவிட வேண்டும். போதைப்பொருளுக்கோ 32 மணி நேரம் அவகாசம்.

ஏன் இந்த வித்தியாசம்? கல்லீரல் மதுவை ஏறக்குறைய ஒரே வேகத்தில் சிதைக்கிறது. 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம் குறையும். 80 மில்லிகிராம் இருந்தவருக்கு ஐந்தாறு மணி நேரத்தில் தடயமே இருக்காது. காபி குடித்தாலும் தலைக்குக் குளித்தாலும் இந்த வேகம் கூடாது.

கஞ்சா வேறு ரகம். அதன் வேதிப்பொருள் உடல் கொழுப்பில் தங்கி, சிதைந்து, பல நாள் சிறுநீரில் வெளியேறும். அதனால் சிறுநீரில் அது தெரிந்தால் எப்போதோ பயன்படுத்தினார் என்றுதான் சொல்லலாம். மோதிய நொடியில் போதையில் இருந்தாரா என்று சொல்ல முடியாது. ஒருவரின் வேலையே போகக்கூடிய இடத்தில் இது சின்ன விஷயமல்ல.

இன்னொரு விதியும் உண்டு: சோதனை முடியும்வரை, அல்லது 8 மணி நேரம்வரை, ஓட்டுநர் மது அருந்தக் கூடாது. 'பதற்றத்தில் அப்புறம்தான் குடித்தேன்' என்ற சாக்குக்கு அங்கே இடமில்லை.