மயக்கத்தில் இருதயத்தின் காவல்

பெங்களூரில் குடியேறிய நம்மவர் பலருக்கு ஆஸ்பத்திரி என்றதும் நினைவில் எழுவது 1900-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற விக்டோரியா ஆஸ்பத்திரியே. அங்காயினும் வேறெங்காயினும், ரண சிகிச்சைக்கு முன் வைத்தியர் ஒருவர் வந்து, கத்தியைப் பற்றி ஒன்றும் பேசாமல், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா, என்னென்ன மாத்திரை உண்கிறீர்கள் என்று விசாரிப்பார். இவர் யாரோ உதவியாளர் என எண்ணி அரைகுறையாக விடை கூறுவோர் உளர். இவரே மயக்க மருந்து நிபுணர்.

1848-ஆம் ஆண்டு ஜனவரியில், இங்கிலாந்தில் ஹன்னா கிரீனர் என்னும் 15 வயதுப் பெண், கால் நகமொன்றை அகற்றுவதற்காகக் குளோரோபாரம் முகர்ந்து, சில நிமிஷங்களில் மாண்டாள். மூச்சு நின்றதாலா, இருதயம் நின்றதாலா? இவ்வழக்கு நம் ஹைதராபாத்துக்கும் வந்தது. எட்வர்ட் லாரி என்னும் வைத்தியர், நிஜாமின் பொருளுதவியோடு, 1888-லும் 1889-லும் ஆராய்ச்சிக் குழுக்கள் அமைத்து, விலங்குகளிடம் சோதித்து, மூச்சே முதலில் நிற்கும், அதைக் கவனித்தால் போதும், நாடியைப் பார்க்க வேண்டுவதில்லை என்று முடிவு கூறினார். அரிய உழைப்புத்தான், முடிவோ பிழைபட்டது. குளோரோபார மயக்கம் ஆழமில்லாதபோதே இருதயம் திடீரெனத் துடிதடுமாறி நின்றுவிடக்கூடும் என்பதை 1911-ல் லெவி என்பார் காட்டினார்.

இன்று குளோரோபாரம் இல்லை. ஆயினும் கவலை அதுவே. உறங்கச் செய்யும் மருந்து ரத்தக் குழாய்களைத் தளரச் செய்வதால் அழுத்தம் தாழ்கிறது. அடுத்த நிமிஷமே மூச்சுக்குழாயில் ரப்பர் போன்ற குழலைச் செலுத்துகையில், நோயாளி உணராவிடினும் உடல் உணர்ந்து, நாடி விரைந்து அழுத்தம் ஏறுகிறது. வயிற்றின் உள்ளுறையையோ கண்ணின் தசையையோ இழுத்தால் நாடி மிகத் தளர்வதும் உண்டு. ஆகவே ஏறும்போது வலிநீக்கியைக் கூட்டியும், இறங்கும்போது எபெட்ரின் போன்ற மருந்தாலோ ஊசிவழி நீராலோ உயர்த்தியும், நாடி மிகத் தளர்ந்தால் அட்ரோபின் கொடுத்தும் நடத்துகிறார்கள். அழுத்தம் ஐந்து நிமிஷத்துக்கொரு முறையேனும் அளக்கப்படுகிறது. பெரிய சிகிச்சையில் மணிக்கட்டு நாடியிலேயே மெல்லிய குழல் பொருத்தி, துடிப்புக்குத் துடிப்பு பார்க்கிறார்கள். சராசரி அழுத்தம் 65-க்குக் கீழ் நெடுநேரம் நின்றால் சிறுநீரகமும் இருதயமும் பழுதுறும் அபாயம் மிகுகிறது.

இவ்வெண் எல்லோருக்கும் ஒன்றன்று. பல்லாண்டு உயர்ந்த அழுத்தத்துக்குப் பழகியவரின் மூளைக்கும் சிறுநீரகத்துக்கும், மற்றவருக்குப் போதுமான அழுத்தமே குறைவாகிவிடும். அதனால்தான் அவர் உம்முடைய வழக்கமான அளவைக் கேட்கிறார். ஆபரேஷனை ஒத்திப்போட்டு விடுவார்களோ என்றஞ்சி அதை மறைப்பவர், நிபுணரின் அளவுகோலையே பிடுங்கிக் கொள்கிறார்.

மாத்திரைகளைக் குறித்தும் ஒரு சொல். இருதயத் துடிப்பை மட்டுப்படுத்தும் மாத்திரையைத் திடீரென நிறுத்துவது தீங்கு. வேறு சில அழுத்த மாத்திரைகளை முதல் நாளே நிறுத்தச் சொல்வதுண்டு. தாமாக முடிவு செய்யாமல், அட்டைகளையே எடுத்துச் சென்று காட்டுக. கன்னட மொழி கைவராதோர் மொழியறிந்த ஒருவரை உடன் அழைத்துச் செல்லலாம். 'ரக்ததொத்தட' என்று அவர்கள் கேட்பது ரத்த அழுத்தத்தையே.