அன்னியக்கோள் அரக்கரும் சூரன் போரும்

வேற்றுலகத்திலிருந்து வந்திறங்கிய பேருருவங்களைத் துப்பாக்கியாற் சுட்டு வீழ்த்தும் கணினி விளையாட்டுகள், கைத்தொலைபேசி வாயிலாக மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரைக்கும் படுவான்கரைக்கும் வந்து சேர்ந்துவிட்டன. அவற்றை வீண்பொழுது என இகழ்வார் ஒரு சாரார்; விஞ்ஞானக் கல்விக்குத் துணை எனப் புகழ்வார் மற்றொரு சாரார். இரு சாராரும் அவற்றுள் வரும் பகைவனைச் சற்று நின்று நோக்கியதாகத் தெரியவில்லை. அவன் எங்கிருந்து வந்தான், ஏன் அத்துணைப் பெரியவனாய் இருக்கின்றான், ஏன் வாய் திறவாமலே மடிகின்றான் என்பவற்றை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும். பேருருவப் பகைவனோடு பொருதல் நமக்குப் புதிதன்று. ஐப்பசித் திங்களிற் கந்தசட்டி இறுதிநாளன்று நம் முருகன் கோயில் வீதிகளில் அதனை ஆண்டுதோறும் கண்டு வருகின்றோம்.

வேற்றுக்கிரகத்தார் படையெடுப்பு என்னும் கதைப்பொருளுக்குப் பெருவழி வகுத்தவர் ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் ஆவர். 1898ஆம் ஆண்டில் நூல்வடிவிற் வெளிவந்த அவரது ‘உலகங்களின் போர்’ என்னும் புனைகதையில், செவ்வாய்க் கோளினர் இங்கிலாந்தின் மீது வந்திறங்கி, முக்காற் பொறிகளில் ஏறி நின்று வெப்பக்கதிரால் ஊர்களை எரிக்கின்றனர். அக்கதையின் தொடக்கத்திலேயே வெல்ஸ் ஒன்றை நினைவூட்டுகின்றார். ஐரோப்பியக் குடியேற்றக்காரர் தஸ்மேனியாத் தீவின் பழங்குடியினருக்குச் செய்த கேட்டை எண்ணிப் பார்த்தபின் செவ்வாய்க் கோளினரைக் குறைகூறுங்கள் என்பது அவர் கருத்து. ஆகவே, அன்னியக்கோள் அரக்கன் பிறந்தபோது பேரரசின் முகத்துக்கு முன் நீட்டப்பட்ட கண்ணாடியாகவே பிறந்தான். 1602இல் ஒல்லாந்துத் தளபதி ஸ்பில்பேர்கனின் கப்பல் நங்கூரமிட்டதைக் கண்ட இக்கரையினருக்கு, கடல் கடந்து வருவோரின் பொறிகளையும் வெடிமருந்தையும் பற்றிய இக்கதை எளிதில் விளங்கும்.

அக்கண்ணாடி எவ்வாறு மங்கிற்று என்பதே நாம் அறியவேண்டுவது. யப்பானிய நிறுவனமாகிய தைத்தோவிற் பணியாற்றிய தொமொகிரோ நிஷிகாடோ, 1978இல் ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ என்னும் ஆட்டத்தைப் படைத்தார். போர் விமானம், தாங்கி, மனிதப் படைவீரர் எனப் பலவற்றை முதலில் அவர் இலக்காக வரைந்து பார்த்ததுண்டு. மனிதரைச் சுடுவதாகக் காட்டுதல் தகாது என்ற காரணத்தால் மனித உருக்கள் கைவிடப்பட்டன. அவற்றின் இடத்தில் வெல்சின் கதையை நினைவிற் கொண்டு பேய்க்கணவாய், கணவாய், நண்டு ஆகியவற்றின் சாயலில் அன்னியர் அமைக்கப்பட்டனர். நம்மூரிற் கறிச்சட்டிக்குப் போகும் உயிர்களே அங்கு உலகை அழிக்க வந்தன! வரிசைக்குப் பதினொன்றாக ஐந்து வரிசைகளில் 55 உருவங்கள் பக்கவாட்டில் நகர்ந்து கீழிறங்கும். ஆடுவோன் அடியில் நின்று சுடுதல் வேண்டும். உருவங்கள் குறையக் குறைய எஞ்சியவை விரைந்து நகரும். இவ்விரைவு திட்டமிட்டுப் புகுத்தப்பட்டதன்று. அதனுள் இருந்த இன்டெல் 8080 என்னும் செயலிக்கு 55 உருவங்களையும் வரைதல் பெருஞ்சுமை; சில மடிந்ததும் சுமை குறைந்து வேகம் பெருகிற்று. நிஷிகாடோ அதனைத் திருத்தாது விட்டார். ஆடுவோர் நெஞ்சு படபடத்ததற்கு அதுவே காரணமாயிற்று.

மனிதரைச் சுடலாகாது என்னும் அறவுணர்விலிருந்தே சுடத்தக்க அன்னியன் தோன்றினான் என்பது ஊன்றி நோக்கத்தக்கது. சுடுதல் நிற்கவில்லை, சுடப்படுவோன் மட்டுமே மாறினான்.

அவன் பேருருக் கொண்ட வரலாற்றுக்குச் சிறந்த எடுத்துக்காட்டு, யப்பானின் சான்ட்லொட் நிறுவனம் ஆக்கிய ‘புவிப் பாதுகாப்புப் படை’ என்னும் விளையாட்டு வரிசை. இதன் முதற்பகுதி 2003இல், 2000 யென் விலையுடைய மலிவு வரிசை ஒன்றிற் வெளிவந்தது. 1957இல் இஷிரோ ஹொண்டா இயக்கிய திரைப்படம் ஒன்றின் யப்பானியப் பெயரும் இதுவே. நகரத் தெருக்களில் மாளிகையளவு எறும்புகளும் சிலந்திகளும் கூட்டங்கூட்டமாக வருகின்றன. வானில் தட்டு வடிவக் கலங்கள் மிதக்கின்றன. ஆடுவோன் ஒரு காலாட்படை வீரன். தவறிச் சுட்டாற் கட்டடங்கள் சரியும். காவல் செய்ய வந்தவனே நகரத்தை இடித்துத் தள்ளும் இந்நகைச்சுவையை ஆக்கியோர் அறிந்தே அமைத்திருப்பர் என்பது எம் எண்ணம்.

பெருமையை உணர்த்தும் உத்தி எளியது. பார்வையை வீரனின் தோளுக்குப் பின்னே தாழ வைத்து, தெருவிளக்கையும் மாடி வீட்டையும் அளவுகோலாகப் பக்கத்தில் நிறுத்திவிட்டால் பகைவன் தானே வளர்ந்துவிடுவான். ஆயின் பௌதிகம் இதற்கு உடன்படாது. ஐந்து மில்லிமீற்றர் நீளமுள்ள எறும்பை ஆயிரம் மடங்கு பெருக்கி ஐந்து மீற்றர் ஆக்குவோமாயின், அதன் காலின் குறுக்குப்பரப்பு பத்து இலட்சம் மடங்கும் உடலின் எடை நூறு கோடி மடங்கும் பெருகும். எனவே காலின் ஒவ்வோர் அலகுப் பரப்பும் முன்னையினும் ஆயிரம் மடங்கு சுமையைத் தாங்கவேண்டிவரும். சுடுமுன்னரே எறும்பு நொறுங்கிவிடும். இந்நியதியை விளக்கிய கலிலியோவின் ‘இரு புதிய விஞ்ஞானங்கள்’ 1638இல் ஒல்லாந்தின் லெய்டன் நகரில் அச்சாயிற்று. அதே ஆண்டிலேயே ஒல்லாந்தர் மட்டக்களப்புக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றினர் என்பது ஒரு புறச்செய்தி.

இனி, இவ்வகை விளையாட்டுகளிற் படைத்தலைவனாக வரும் பெரும்பகைவன் பலகால் ஒரே அடியில் வீழ்வதில்லை. உயிர்வலி ஓரளவு குறைந்ததும் உருமாறுவான். புதிய உருவுக்குப் புதிய படைக்கலமும் புதிய போர்முறையும் வேண்டும். இதனை இளைஞர் புதுமையாகக் கருதுவர். கோயில் வீதியில் தோளிற் சுமந்து ஆட்டப்படும் சூரனின் மரவுருவை நினைத்துப் பார்க்க. யானைத்தலை வீழ்ந்ததும் சிங்கத்தலை பொருத்தப்படுகின்றது, அது வீழ்ந்ததும் சூரனின் தன்தலை, பின்னர் மாமரம், அதுவும் பிளவுண்டபின் சேவலும் மயிலும். தம்பியர் தலைகளையும் தமையன் தலையையும் ஓருருவிலேயே மாற்றிக் காட்டும் இவ்வமைப்பை, ஒரு பகைவனைப் பல படிகளில் வெல்லும் ஆட்டவிதி என்றே கூறலாம். அளவிலும் உருமாற்றத்திலும் சூரனுக்கும் அன்னியக்கோள் அரக்கனுக்கும் ஒற்றுமை மிகுதி.

வேற்றுமை எங்கே எனின், பேச்சில். கச்சியப்பரின் கந்தபுராணத்தில் இறுதிப் போருக்குமுன் வீரவாகு தேவர் வீரமகேந்திரபுரத்துக்குத் தூது செல்கின்றார். சிறையிலுள்ள தேவரை விடுவிக்குமாறு கேட்கின்றார். சூரன் மறுமொழி கூறுகின்றான். அவன் அவையிலேயே தம்பி சிங்கமுகன் சிறையை விடுதலே நன்று என எதிர்த்துரைக்கின்றான். பின்னர்த் தமையனுக்காகப் பொருது மடிகின்றான். போர்க்களத்தில் முருகனின் பெருவடிவைக் கண்டு சூரன் ஒரு கணம் தெளிவு பெறுவதும் உண்டு. முடிவில் அவன் அழிந்தொழியாது கொடியும் ஊர்தியுமாகின்றான். நம் வடமோடிக் கூத்திலும் இம்மரபே நிற்கின்றது. வட்டக்களரியில் ஏறும் ஒவ்வொருவனும், நல்லவனாயினும் தீயவனாயினும், வரவுப் பாட்டோடு வந்து தன்னை இன்னான் என அறிவித்த பின்னரே போருக்கு எழுகின்றான். அண்ணாவியாரின் மத்தளம் இருவருக்கும் ஒருபடித்தாகவே ஒலிக்கின்றது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் 1964இல் மேடையேற்றிய ‘இராவணேசன்’ பகைவனையே நாடகத் தலைவனாக்கிற்று; அதில் இராவணனாக ஆடியவர் மட்டக்களப்பைச் சேர்ந்த சி. மௌனகுரு.

எறும்பு அரக்கனுக்கு வரவுப் பாட்டு இல்லை. அவனிடம் தூது செல்வாரும் இலர். அவன் பக்கத்தில் ஒரு சிங்கமுகனும் இலன். விளையாட்டுத்தானே என்று இதனை விடலாம். ஆயினும், 2009 வரை நீண்ட போரைக் கண்ட நாட்டில், எதிரே நிற்பவனின் பெயரையும் ஊரையும் கேளாமலே சுடலாம் என்ற எண்ணம் எத்துணைக் கேடு செய்தது என்பதை இவ்வாவிக்கரை முதியோரிடம் எவரும் விளக்கவேண்டியதில்லை. சுடும் விளையாட்டு பிள்ளைகளைக் கொடியராக்கும் என நாம் கூறவில்லை. அதற்கு நம்மிடம் சான்று இல்லை. பகைவனின் சொல்லைக் கேட்கும் பயிற்சி அவ்விளையாட்டில் இல்லை என்பதே நாம் சுட்டுவது. ஆக்கியோரும் இதனை ஓரளவு உணர்ந்திருத்தல் வேண்டும். 2017இல் வந்த ஐந்தாம் பகுதியில் துப்பாக்கி ஏந்திய தவளையுருவினர் இருகாலில் நடந்து வருகையில், இவர்கள் மனிதரைப் போலவே இருக்கின்றனரே என வீரர் வியக்கின்றனர். வியந்தபின் சுடுகின்றனர்.

பேசும் பகைவனைக் கணினியில் அமைத்தல் இயலாததன்று. 2015இல் டோபி ஃபொக்ஸ் என்னும் அமெரிக்கர் பெரும்பாலும் தனியொருவராய் ஆக்கிய ‘அண்டர்டேல்’ என்னும் விளையாட்டில், எதிர்ப்படும் எவரையும் கொல்லாது, பேசியும் இரங்கியும் கடந்து செல்லலாம். கொன்றால் கதை வேறாகும். இத்தகைய ஆட்டங்களை ஆக்குதற்குரிய கொடோ முதலிய மென்பொருள்கள் விலையின்றிக் கிடைக்கின்றன. வந்தாறுமூலையிற் கிழக்குப் பல்கலைக்கழகமும், கல்லடியிற் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகமும் உள்ளன. கணினி கற்ற மாணவர் நால்வரும் கூத்தறிந்த மாணவர் நால்வரும் ஒருங்கிருந்தால், வீரவாகு தூதை முதற்காட்சியாகக் கொண்ட விளையாட்டொன்றைத் தொடங்கலாம். சூரனின் அவையில் ஆடுவோன் எதைக் கேட்கின்றான், எவ்வளவு பொறுக்கின்றான் என்பதற்கேற்பச் சிங்கமுகனின் சொல் வலுப்பெறவும் தளரவும் செய்யலாம். சூரனின் வரவுக்குரிய தாளக்கட்டை மட்டும் கணினியில் ஆக்காது, அண்ணாவியார் ஒருவரிடம் நேரிற் சென்று பதிவு செய்துகொள்ளுதல் நன்று.