திரையில் தெரியும் மூக்கு

"மூக்கும் முழியுமா இருக்கா" என்று சொல்லித்தான் நம் வீடுகளில் அழகைப் பாராட்டுவார்கள். குறை சொல்வதும் மூக்கில்தான் தொடங்கும். சப்பை மூக்கு, கிளி மூக்கு என்று பள்ளியில் விழுந்த பட்டப்பெயர் முப்பது வயதிலும் சிலருக்கு வலிக்கிறது. அவர்களில் ஒருவர் அறுவை சிகிச்சையைப் பற்றி விசாரிக்கப் போனால், பல மருத்துவமனைகளில் முதலில் அவர் முன் வருவது கணினித் திரைதான். சிகிச்சைக்குப் பிறகு உங்கள் முகம் இப்படி இருக்கலாம் என்று ஒரு மாதிரிப் படம் காட்டுவார்கள். அந்தப் படத்தால் நல்ல பயன் உண்டு. ஆனால் அது எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்று தெரிந்துகொண்டுதான் அதைப் பார்க்க வேண்டும்.

படத்தை யார் வரைகிறார்?

முன்பக்கம், பக்கவாட்டு, சாய்கோணம், கீழிருந்து மேல் என எடுத்த புகைப்படங்களைச் சில இடங்களில் மென்பொருளில் ஏற்றித் திருத்திக் காட்டுவார்கள். வெக்ட்ரா போன்ற கருவிகள் பல கோணங்களில் ஒரே நேரத்தில் படமெடுத்து முப்பரிமாண முகத்தையே உருவாக்கிவிடும். முப்பரிமாணம் என்றதும் முடிவும் துல்லியமாக இருக்கும் என்று தோன்றும். உண்மையில் துல்லியமாக இருப்பது இன்றைய முகத்தின் அளவு மட்டுமே. நாளைய மூக்கு, திருத்துகிறவரின் கணிப்பு.

ஆகவே, திருத்துவது அறுவை செய்யப்போகும் மருத்துவராகவே இருக்க வேண்டும். எலும்பிலும் குருத்தெலும்பிலும் தன்னால் எவ்வளவு மாற்ற முடியும் என்று அறிந்தவருக்குத்தான் எங்கே நிறுத்த வேண்டும் என்பது தெரியும். வரவேற்பறை ஆலோசகர் செய்து காட்டும் படத்தை நம்பிப் பணம் கட்ட வேண்டாம்.

செல்ஃபி பெரிதாக்கும் மூக்கு

வீட்டிலேயே கைப்பேசிச் செயலியில் மூக்கைச் சிறிதாக்கிப் பார்த்துவிட்டு, அந்தப் படத்தோடு வருகிறவர்கள் இப்போது அதிகம். கேமராவுக்கு மிக அருகில் இருப்பது மூக்கு என்பதால், கிட்டத்தில் எடுக்கும் படத்தில் அது மற்ற உறுப்புகளைவிடப் பெரிதாக விழும். 12 அங்குல தூரத்தில் எடுத்த படத்தில் மூக்கின் அகலம் சுமார் 30 சதவீதம் கூடுதலாகத் தெரியும் என்று 2018-இல் அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழக மருத்துவர்கள் பங்கேற்ற ஆய்வு கணக்கிட்டுக் காட்டியது. 5 அடி தள்ளி நின்று எடுத்தால் இந்தக் கோளாறு பெரும்பாலும் மறைந்துவிடுகிறது. எனவே முதலில் வேறொருவரை 5 அடி தள்ளி நின்று ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். நீங்கள் மாற்ற நினைத்த மூக்கு உங்கள் முகத்தில் இல்லாமலே போகலாம்.

மென்பொருளுக்குத் தோல் தெரியாது

பக்கவாட்டுப் படத்தில் மூக்குத்தண்டின் மேட்டைச் சமன்செய்து காட்டினால் அதை ஓரளவு நம்பலாம். நுனியைக் கூர்மையாக்கிக் காட்டும்போதுதான் எச்சரிக்கை தேவை. நம்மில் பலருக்கு மூக்கு நுனியில் தோல் தடிமனாக, எண்ணெய்ப் பசையோடு இருக்கும். உள்ளே குருத்தெலும்பை எவ்வளவு நேர்த்தியாகச் செதுக்கினாலும், கம்பளியால் மூடிய பொருளைப் போல அதன் கூர்மை வெளியே முழுதாகத் தெரியாது. படத்தில் உள்ளதை எட்டிவிட வேண்டும் என்று மேலும் மேலும் குருத்தெலும்பை வெட்டினால், மூக்கு தன் தாங்குதலை இழந்து ஒடுங்கும். தழும்புத் திசு உள்ளே எப்படிப் படியும், இரண்டு பக்கமும் ஒரேபோல ஆறுமா என்பதும் படத்துக்குத் தெரியாது.

எல்லாவற்றையும்விட என்னைக் கவலைப்படுத்துவது மூச்சு. ஒடுக்கமான மூக்கு திரையில் அழகாகத்தான் இருக்கும். அளவுக்கு மீறி ஒடுக்கினால் உள்ளே காற்றுப் பாதை சுருங்கி, இரவில் வாய் திறந்து தூங்க வேண்டியிருக்கும். "இந்தப் படத்தில் உள்ளபடி செய்தால் என் மூச்சு எப்படி இருக்கும்?" என்று கட்டாயம் கேளுங்கள். ஏற்கெனவே மூக்கடைப்போ, நடுச்சுவர் வளைவோ இருந்தால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

படம் உதவும் இடம்

"கொஞ்சம் எடுப்பாக வேண்டும்" என்று நீங்கள் சொல்வதும் மருத்துவர் புரிந்துகொள்வதும் வேறுவேறாக இருக்கலாம். அந்த வேறுபாடு கத்தி படுவதற்கு முன்பே தெரிந்துவிடுவதுதான் மாதிரிப் படத்தின் பெரிய பயன். அளவாக ஒன்று, கூடுதலாக ஒன்று என்று இரண்டு மாதிரிகள் கேட்டு, வீட்டுக்கு எடுத்துப்போய்ச் சில நாள் கழித்துப் பாருங்கள். மூக்குத்தியைக் கழற்றிவிட்டுப் படமெடுப்பது நல்லது. அறுவையின்போதும் அதைக் கழற்றத்தான் வேண்டும்.

இன்னொன்றும் கேட்கலாம். சம்மதம் தந்த பழைய நோயாளிகளின் மாதிரிப் படத்தையும், ஓராண்டு கழித்து எடுத்த உண்மைப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். மருத்துவரின் கணிப்பு எவ்வளவு நம்பகமானது என்று அதில் தெரிந்துவிடும்.

கல்யாணத் தேதி

ஓராண்டு என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. மூக்கின் மேல் வைக்கும் கட்டு ஏறக்குறைய ஒரு வாரத்தில் எடுக்கப்படும். கண்ணைச் சுற்றிய கன்றல் இரண்டு வாரத்தில் பெரும்பாலும் மறையும். நுனியின் வீக்கம் முழுதாக வடிய ஓராண்டு ஆகலாம், தடித்த தோலுக்கு அதற்கும் மேல். முகூர்த்தத்துக்கு இரண்டு மாதம் முன்பு அறுவை செய்துகொண்டவர், திரையில் பார்த்த மூக்கோடு மணமேடையில் உட்கார முடியாது. திருமணத்தை ஒட்டி இந்தச் சிகிச்சைக்கு நாள் குறிப்பதே தவறு என்பது என் உறுதியான கருத்து.

எந்தப் படமும் பிடிக்காதபோது

எத்தனை மாதிரி காட்டினாலும் திருப்தி வராமல், மற்றவர் கண்ணுக்கே தெரியாத ஒரு குறையைப் பற்றி நாள் முழுதும் நினைத்து, கண்ணாடி முன் மணிக்கணக்கில் நின்று, வெளியே போகவே கூசுகிறவர்கள் உண்டு. இது உடல் தோற்றம் குறித்த ஒரு மனநோயாக இருக்கலாம். மூக்கு அறுவையை நாடி வருகிறவர்களிடம் இது பொதுமக்களைவிடக் கூடுதலாகவே காணப்படுகிறது. இவர்களுக்கு அறுவை பெரும்பாலும் நிம்மதி தருவதில்லை. கவலை இன்னோர் உறுப்புக்கு மாறும், அல்லது அதே மூக்குக்கு மறுபடி அறுவை கேட்கவைக்கும். அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையும் மருந்துகளும் இதற்குப் பலன் தருகின்றன. எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள், அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416-ஐக் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.