வரிசையில் முன்னே நிற்பவர் யார்?

"ஐ.பி. கொடுத்துவிட்டான்" என்பார்கள் நம் ஊரில். மஞ்சள் கடுதாசி என்றும் சொல்வதுண்டு. மளிகைக் கடைக்காரர் ஒருவர் அந்த நிலைக்கு ஆளானால் என்ன ஆகிறது? தெருவில் தலைகாட்ட முடிவதில்லை. உறவினர் வீட்டுத் திருமணத்துக்குப் போக முடிவதில்லை. பட்ட கடன் சில இலட்சம்தான். சுமக்கும் பழியோ ஆயுளுக்கும்!

61,300 கோடி டாலர் கடன்பட்ட கம்பெனி ஒன்றும் இருந்தது. அது ஓடி ஒளியவில்லை, தலைகுனியவும் இல்லை. தேர்ந்த வழக்கறிஞர் ஒருவரை முன்னே அனுப்பிவிட்டு, நியூயார்க் நீதிமன்றத்தில் சட்டத்தின் நிழலில் போய் நின்றது. கம்பெனி, லேமன் பிரதர்ஸ். நாள், 2008 செப்டம்பர் 15. வழக்கறிஞர், ஹார்வி மில்லர்.

அவருடைய தொழில் வாழ்க்கையைத் தோழர்கள் அறிந்திட வேண்டுகிறோம். பாராட்டவா? ஓரளவு. பழிக்கவா? அதற்காக அல்ல. திவால் சட்டம் எனும் மாளிகையில் தொழிலாளிக்கு எந்த மூலையில் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்பது, அவர் நடந்த வழியே நாமும் நடந்து பார்த்தால் தெரிந்துவிடும். அதற்காக!

1933இல் புரூக்ளினில் பிறந்தவர் மில்லர். கொலம்பியா சட்டக் கல்லூரியில் 1959இல் பட்டம் பெற்றார். அந்நாளில் திவால் வழக்கு என்றால் பெரிய வழக்கறிஞர் நிறுவனங்கள் முகம் சுளித்தன. செத்த மாட்டின் தோலை உரிக்கும் தொழில் என்பதுபோல ஒதுக்கின. யூதராகப் பிறந்த குற்றத்துக்காக அந்நிறுவனங்களின் கதவு திறக்கப்படாத வழக்கறிஞர் பலர், இந்த ஒதுக்கப்பட்ட துறையைத்தான் தமதாக்கிக் கொண்டனர். 1969இல் வெய்ல் காட்ஷல் நிறுவனத்தில் சேர்ந்த மில்லர், அங்கே திவால் வழக்குகளுக்கென்றே ஒரு பெரும் பிரிவை வளர்த்தெடுத்தார்.

1978இல் புதிய சட்டம் வந்தது. காற்று திசை மாறிற்று. திவால் வழக்கறிஞருக்குக் குறைந்த கூலியே போதும் என்ற பழைய விதி போயிற்று. அச்சட்டத்தின் பதினோராம் அத்தியாயம் ஒரு புது வழி காட்டிற்று. மனு பதிவான அந்த நொடியே கடன் கொடுத்தோரின் கைகள் கட்டப்படும். கம்பெனி ஓடிக்கொண்டே இருக்கலாம். பழைய நிர்வாகமே நடத்தலாம். கடனை எப்படித் தீர்ப்பது என்று பேரம் பேசலாம். உடைத்து விற்றால் இரும்பு விலை. ஓடவிட்டால் ஆலை விலை என்பதே இதன் தத்துவம். தத்துவம் தவறு என்று நாம் சொல்லமாட்டோம். ஆலை மூடினால் முதலில் அணைவது தொழிலாளி வீட்டு அடுப்புதானே!

அந்தச் சட்டத்தை ஆயுதமாக ஏந்தத் தெரிந்தவர் மில்லர். டெக்சாகோ எண்ணெய்க் கம்பெனிமீது பென்சாயில் கம்பெனி தொடுத்த வழக்கில், 1985இல் ஜூரிகள் விதித்த தொகை 1,053 கோடி டாலர். 1987 ஏப்ரலில் டெக்சாகோ திவால் மனுவிட்டது. துணை நின்றவர் மில்லர். அந்த ஆண்டு முடிவதற்குள் 300 கோடிக்குச் சமரசமாயிற்று. கடன் கட்டமுடியாத கம்பெனியா அது? இல்லை! செல்வச் செழிப்பான கம்பெனி. திவால் சட்டம் ஏழைக்கு ஒப்பாரி; வல்லவனுக்கோ கேடயம் என்பதை உலகம் அன்று கண்டது.

அடுத்தது ஈஸ்டர்ன் விமானக் கம்பெனி. 1989 மார்ச் 4 அன்று இயந்திரத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். விமானிகளும் துணை நின்றனர். ஐந்தே நாளில் கம்பெனி திவால் மனு கொடுத்தது. கம்பெனியின் பக்கம் மில்லர்! 1990 ஏப்ரலில் நீதிபதி நிர்வாகத்தை முதலாளியின் கையிலிருந்து எடுத்து, ஒரு பொறுப்பாளரிடம் ஒப்படைத்தார். 1991 ஜனவரியில் விமானங்கள் அடியோடு நின்றன. முதலாளியும் வெல்லவில்லை, தொழிலாளியும் வெல்லவில்லை.

2002இல் மில்லர் முதலீட்டு நிறுவனம் ஒன்றுக்குச் சென்றார். 2007இல் பழைய இடத்துக்கே திரும்பினார். மறு ஆண்டு லேமன் சரிந்தபோது அவருக்கு வயது 75. மனுவிட்ட அந்த வாரத்திலேயே, நள்ளிரவு தாண்டி நடந்த விசாரணையில், லேமனின் அமெரிக்கத் தொழில் பார்க்லேஸ் வங்கிக்குக் கை மாறிற்று. எஞ்சியதைப் பிரிக்கும் வேலை ஆண்டுக்கணக்கில் நீண்டது. வழக்கறிஞர், கணக்கர், ஆலோசகர் ஆகியோருக்குப் போன கட்டணம் மட்டும் நூறு கோடி டாலரையும் தாண்டிற்று!

இங்கேதான் தோழர்கள் வரிசையைக் கவனிக்க வேண்டும். திவாலான கம்பெனியின் சொத்தைப் பங்கிடச் சட்டம் ஒரு வரிசை வகுத்திருக்கிறது. அடமானம் பெற்றவருக்கு அந்த அடமானப் பொருள். அடுத்து, வழக்கை நடத்தும் செலவு. வழக்கறிஞர் கட்டணம் அதில் அடக்கம். அதற்கும் பிறகுதான் தொழிலாளியின் கூலி பாக்கி. அதுவும் முழுமையாகவா? மனுவுக்கு முந்திய 180 நாள் கூலிக்கு மட்டுமே முன்னுரிமை, அதற்கும் உச்சவரம்பு. 2005இல் 10,000 டாலர். 2025 ஏப்ரல் முதல் 17,150 டாலர். மிச்சம்? கடைசி வரிசையில் காத்திரு என்கிறது சட்டம்!

வழக்கறிஞர் கட்டணத்தை முன்னே வைக்காவிட்டால் வழக்கை நடத்த யார் வருவார் என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. வியர்வைக்குக் கூலி தராவிட்டால் ஆலைக்கு யார் வருவார் என்று நாம் கேட்கிறோம். அது மட்டும் நியாயமில்லையா?

வரிசை ஆண்டவன் வகுத்ததல்ல, மனிதர் எழுதியது. 1984 பிப்ரவரியில், திவாலான முதலாளி தொழிற்சங்க ஒப்பந்தத்தைத் தன்னிச்சையாக மீறினாலும் குற்றமில்லை என்று அமெரிக்க உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. சங்கங்கள் சீறி எழுந்தன. அதே ஆண்டில் புதிய சட்டப்பிரிவு பிறந்தது. முதலில் சங்கத்துடன் பேசு. பிறகு நீதிமன்ற அனுமதி பெறு. அதற்குமுன் ஒப்பந்தத்தைத் தொடாதே என்றது அது. எழுதியவர்களைத் திருத்தி எழுதவைக்க முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இன்னொரு சான்றும் உண்டு. 2009 ஜூன் 1 அன்று ஜெனரல் மோட்டார்ஸ் திவால் மனு கொடுத்தது. அங்கும் மில்லர்தான். அரசுப் பணத்தின் துணையோடு, 40 நாளில் நல்ல சொத்துகள் புதிய கம்பெனிக்குப் போயின. பழைய கடன் பழைய கூட்டில் கிடந்தது. மோட்டார்த் தொழிலாளர் சங்கம் பல உரிமைகளை விட்டுக்கொடுக்க நேர்ந்தது. ஆயினும், ஓய்வுபெற்ற தொழிலாளரின் மருத்துவ நிதிக்குப் புதிய கம்பெனியில் 17.5 சதவீதப் பங்கைப் பெற்றது. அந்தக் கம்பெனியின் கார்களால் அதற்குமுன் விபத்துக்குள்ளாகிக் கையிழந்தோர், காலிழந்தோர் கதி என்ன? பழைய கூட்டிடம் போய்க் கேள் என்று அனுப்பப்பட்டனர். அவர்களின் துன்பம் சிறிதா? இல்லை. அவர்களுக்குச் சங்கம் இல்லை!

2015 ஏப்ரலில் மில்லர் மறைந்தார். ஒதுக்கப்பட்ட தொழிலை உயரத்தில் ஏற்றிய அவருடைய திறமைக்கு நாம் தலைவணங்குகிறோம். அந்தத் திறமை யாருக்கு வாடகைக்குக் கிடைத்தது என்பதையும் மறக்கமாட்டோம். தனி மனிதனுக்கு மில்லர்கள் கிடைக்கமாட்டார்கள், சங்கத்துக்குக் கிடைப்பார்கள். சந்தாச் சீட்டை வெறும் காகிதம் என்று எண்ணும் தோழர் எவரேனும் இருந்தால், அந்த வரிசையை அவரிடம் ஒருமுறை சொல்லிக் காட்டுங்கள். கம்பெனி நன்றாக ஓடும்போதே சொல்லுங்கள். மூடியபின் சொல்லிப் பயனில்லை.