கேசட் கேமராவுக்கு ஓய்வு கொடுக்கும் முன்

கடந்த ஆண்டு விழாவில் எங்கள் பள்ளியின் ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி வேலு நாச்சியாராக நடித்தாள். வகுப்பில் விடை தெரிந்தாலும் எழுந்து நிற்கத் தயங்கும் பிள்ளை. அன்று அவளுடைய குரல் கடைசி வரிசைவரை கேட்டது. அவளுடைய அம்மா மில்லில் வேலை பார்ப்பவர். ஷிப்டு மாற்றிக்கொள்ள முடியாமல் விழாவுக்கு வரவில்லை. மறு வாரம் பள்ளிக்கு வந்து, "சார், பாப்பா பேசுனத வீடியோ எடுத்தீங்களாமே, ஒரு தடவ பாக்கலாமா?" என்று கேட்டார்.

கேமராவைத் தொலைக்காட்சியில் இணைத்துப் போட்டுக் காட்டினேன். படம் கட்டம் கட்டமாக உடைந்தது. குரல் அறுந்து அறுந்து வந்தது. இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, "பரவாயில்ல சார்" என்று சொல்லிக் கிளம்பிவிட்டார். விழாக்களைப் படம் பிடிக்கும் பொறுப்பு பல ஆண்டுகளாக என்னிடம்தான் இருக்கிறது. அன்று மாலையே தலைமையாசிரியரிடம் புதிய கேமரா பற்றிப் பேசினேன். முன்னாள் மாணவர்களும் பள்ளி மேலாண்மைக் குழுவும் சேர்ந்து 35,000 ரூபாய் திரட்டினார்கள். அந்தத் தொகைக்குள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க நாங்கள் கற்றுக்கொண்டதை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

பழைய கேமராவுக்கு என்ன நேர்ந்தது?

எங்களிடம் இருந்தது மினி டிவி கேசட் கேமரா. இவ்வகைக் கேமராக்கள் 1995இல் சந்தைக்கு வந்தன. கேசட்டின் உள்ளே இருக்கும் நாடாவின் அகலம் 6.35 மில்லிமீட்டர்தான். நிமிடத்துக்கு 9,000 முறை சுழலும் ஓர் உருளையில் பொருத்திய 'ஹெட்' அந்த நாடாவில் படத்தையும் ஒலியையும் சேர்த்தே எழுதுகிறது, அதுவே படிக்கிறது. ஹெட்டில் தூசியோ நாடாவின் துகளோ படிந்தால், அல்லது ஹெட் தேய்ந்தால், இரண்டும் ஒருசேரக் கெடும். கட்டங்களும் அறுந்த குரலும் அதன் அறிகுறிகள்.

மூன்று கேள்விகள்

கடைக்குப் போகும் முன் எங்கள் தேவையை மூன்று கேள்விகளாக எழுதிக்கொண்டோம்.

முதல் கேள்வி: எங்கிருந்து எடுக்கப்போகிறோம்? பெற்றோருக்கு மறைக்காமல் எடுக்க வேண்டுமானால் அரங்கின் பின்பக்கம்தான் இடம். அங்கிருந்து ஒரு பிள்ளையின் முகம் தெரிய வேண்டும் என்றால் ஆப்டிகல் ஜூம் வேண்டும். ஆப்டிகல் ஜூமில் லென்ஸ் நகர்ந்து காட்சியை அருகே கொண்டுவருகிறது, தெளிவு குறைவதில்லை. டிஜிட்டல் ஜூம் அப்படி அல்ல. புகைப்படத்தின் நடுவில் ஒரு துண்டை வெட்டி, ஜெராக்ஸில் பெரிதாக்குவது போன்றது அது. உருவம் பெரிதாகும், விவரம் கூடாது.

இரண்டாம் கேள்வி: யாருடைய குரல் பதிவாக வேண்டும்? கேமராவில் உள்ள மைக் தனக்குப் பக்கத்தில் இருப்பவரின் பேச்சையே நன்றாகக் கேட்கும். பின் வரிசையில் நடக்கும் உரையாடல் தெளிவாகவும் மேடையில் பேசும் குழந்தை மங்கலாகவும் பதிவாவது இதனால்தான். எனவே வெளி மைக்கை இணைக்கும் 3.5 மி.மீ. துளை அவசியம். விலை குறைந்த பல மாடல்களில் இந்தத் துளை இருப்பதில்லை. கடையில் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

மூன்றாம் கேள்வி: எவ்வளவு நேரம் நிற்காமல் ஓட வேண்டும்? ஆண்டு விழா மூன்று மணி நேரம் நடக்கிறது. எனவே மின் இணைப்பில் வைத்தபடியே பதிவு செய்ய முடிகிறதா, பேட்டரியைக் கழற்றி மாற்ற முடியுமா என்று பார்க்க வேண்டும். ஸ்டில் கேமராவிலும் வீடியோ எடுக்கலாம் என்று ஒரு கடைக்காரர் சொன்னார். ஆனால் அவற்றில் பல 29 நிமிடம் 59 விநாடியில் தாமாகவே நின்றுவிடும்.

செல்பேசி போதாதா?

இதை எங்கள் கூட்டத்தில் பலரும் கேட்டார்கள். நியாயமான கேள்வி. வகுப்பறைச் செயல்பாடு, அறிவியல் சோதனை, ஐந்து நிமிடக் கதை சொல்லல் ஆகியவற்றுக்கு நல்ல செல்பேசியே போதும். அதற்காக யாரும் கேமரா வாங்க வேண்டியதில்லை. தூரத்து மேடை, நீண்ட நேரம் என்று வரும்போதுதான் செல்பேசி தடுமாறுகிறது: நடுவில் அழைப்பு வரும், சூடாகும், இடம் நிறையும். தவிர, அது ஓர் ஆசிரியரின் சொந்தக் கருவி. மாணவர்களின் பதிவுகள் அதில் தங்குவதும் சரியல்ல.

விளம்பரத்தில் கவனிக்க வேண்டியவை

இணைய அங்காடிகளில் மிகக் குறைந்த விலைக்கு '4கே கேம்கார்டர்' என்று பல வருகின்றன. அவற்றில் பலவற்றுக்கு டிஜிட்டல் ஜூம் மட்டுமே உண்டு. ஆப்டிகல் ஜூம் எத்தனை மடங்கு என்று தனியாகக் குறிப்பிடாவிட்டால் வாங்க வேண்டாம்.

4கே அவசியமா என்பதற்குக் கணக்குப் போட்டுப் பார்த்தோம். பழைய கேசட்டின் படம் 720 × 576 புள்ளிகள். முழு எச்.டி. 1920 × 1080; அதாவது சரியாக ஐந்து மடங்கு. 4கே அதைப் போல் நான்கு மடங்கு. ஆனால் எங்கள் புரொஜெக்டர் காட்டுவதே 1280 × 800 புள்ளிகள்தான்.

சேமிப்பிலும் வேறுபாடு பெரிது. முழு எச்.டி. பதிவு நொடிக்கு 24 மெகாபிட் என்றால் 3 மெகாபைட்; ஒரு மணிக்கு 10.8 ஜி.பி. ஒரு 64 ஜி.பி. கார்டில் ஐந்தரை மணி நேரம் அடங்கும். 10ஆம் வகுப்புக் கார்டு நொடிக்குக் குறைந்தது 10 மெகாபைட் எழுதும் என்பதால் அதுவே தாராளம். நொடிக்கு 100 மெகாபிட்டில் பதியும் 4கே கேமராவில் அதே கார்டு ஒன்றரை மணி நேரத்துக்குள் நிறைந்துவிடும். விழாவின் பாதியில் கார்டு தேட வேண்டியதுதான்.

மங்கலான மேடைக்கு சென்சாரின் அளவு முக்கியம். அதைப் பின்னமாக எழுதுவார்கள். 1/5.8ஐ விட 1/2.5 பெரியது. பெரிய சென்சார் அதிக ஒளி வாங்கும். ஆறாம் வகுப்புப் பின்னப் பாடத்துக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

இன்னொன்று, நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதனால் கேமராவை நொடிக்கு 25 அல்லது 50 சட்டங்கள் என்றும், ஷட்டரை 1/50 என்றும் வைத்தால் டியூப்லைட் வெளிச்சத்தில் படம் துடிக்காது.

நாங்கள் எடுத்த முடிவு

கடைசியில் இரண்டு மாடல்கள் எஞ்சின. ஒன்று 4கே, மைக் துளை கிடையாது. மற்றது சற்றுப் பழைய முழு எச்.டி. மாடல், 30 மடங்கு ஆப்டிகல் ஜூம், மைக் துளை, கழற்றி மாற்றும் பேட்டரி. இரண்டாவதை வாங்கினோம். மீதித் தொகையில் ஒரு முக்காலி, ஒரு காலர் மைக், ஒரு வெளி ஹார்ட் டிஸ்க். ரசீதோடு எல்லாவற்றையும் இருப்புப் பதிவேட்டில் ஏற்றினோம்.

மைக் வாங்க வழியில்லாத பள்ளிக்கு ஒரு யோசனை: ஒரு செல்பேசியை விமானப் பயன்முறையில் வைத்து, ஒலிப்பதிவை ஓடவிட்டு, மேடையின் முன்விளிம்பில் வையுங்கள். தொடக்கத்தில் கேமராவுக்குத் தெரியும்படி ஒருவர் ஒருமுறை கைதட்டட்டும். பிறகு கணினியில் படத்தையும் ஒலியையும் அந்தக் கைதட்டலில் பொருத்திவிடலாம்.

பழையதைத் தூக்கிப் போடாதீர்கள்

புதியது வந்ததும் பழைய கேமராவை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடலாம் என்றார்கள். நான் மறுத்துவிட்டேன். எங்கள் பீரோவில் 23 கேசட்டுகள் இருந்தன. அவற்றைப் படிக்க வேறு கருவி எங்களிடம் இல்லை. அதிலும் நீள்பதிவு முறையில் 90 நிமிடம் எடுத்த கேசட்டுகள், பதிவு செய்த கேமராவைத் தவிர வேறொன்றில் சரியாக ஓடும் என்ற உறுதி இல்லை.

ஹெட்டைச் சுத்தம் செய்யும் கேசட்டை வாங்கி, அதன் உறையில் சொன்னபடி பத்து விநாடி மட்டும் ஓட்டினோம். ஃபயர்வயர் இணைப்பு உள்ள பழைய கணினி ஒன்று ஆய்வகத்தில் இருந்தது. அது இல்லாதவர்கள், மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயர்கள் வழியாக யு.எஸ்.பி. பதிவுக் கருவியில் எடுக்கலாம். தரம் சற்றுக் குறையும். ஒரு மணி நேரக் கேசட்டை மாற்ற ஒரு மணி நேரம் ஆகும், குறுக்குவழி கிடையாது. கேசட்டுக்குச் சுமார் 13 ஜி.பி. என்று, எல்லாம் சேர்ந்து 300 ஜி.பி. ஆனது. மாலை வேளைகளில் உட்கார்ந்து ஒரு மாதத்தில் முடித்தோம்.

கேசட் என்பது பதிவும் பெட்டகமும் ஒன்றாக இருந்த பொருள். எடுத்து பீரோவில் வைத்தால் போதும். கார்டு அப்படி அல்ல. அடுத்த விழாவுக்கு அதை அழித்தாக வேண்டும். ஆகவே ஒரு விதி வைத்திருக்கிறோம்: இரண்டு இடங்களில் நகல் எடுத்து, இரண்டையும் திறந்து பார்த்த பிறகே கார்டை அழிப்பது. பிள்ளைகளைப் படம் பிடிக்கப் பெற்றோரிடம் ஆண்டுத் தொடக்கத்தில் எழுத்துமூலம் ஒப்புதல் பெறுகிறோம். சமூக ஊடகங்களில் எதையும் பகிர்வதில்லை.

அந்த நாடகக் கேசட்டைக் கடைசியாகத்தான் போட்டேன். முதல் நான்கு நிமிடம் மீளவில்லை, பதியும்போதே கெட்டிருக்கிறது. மற்றதெல்லாம் படிக்கும்போது வந்த கோளாறு. ஹெட் சுத்தமானதும் குரல் முழுமையாக வந்தது. சனிக்கிழமை அந்த அம்மாவை வரச் சொல்லி, வகுப்பறையின் பெரிய திரையில் போட்டுக் காட்டினோம். மகள் பக்கத்தில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். முடிந்ததும் அவர், "இன்னொரு தடவ போடுங்க சார்" என்றார்.

உங்கள் பள்ளி பீரோவிலும் சில கேசட்டுகள் இருக்கக்கூடும். பழைய கேமரா இன்னும் ஓடுகிறதா என்று இந்த வாரமே பாருங்கள்.